சும்மா போய் வந்தோம்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் செட்டியார்பட்டியில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். பத்தாம் வகுப்பு அறையின் கதவில் திருப்புதல் தேர்வு அட்டவணையை ஒட்டுவார்கள். ஒட்டிய அட்டவணையைப் பிய்த்துக்கொண்டு போகக் காற்று கிளம்பும்! காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராத குளிர் இன்னும் போயிருக்காது. நண்பகலிலோ தார்ச்சாலை காலைச் சுடத் தொடங்கியிருக்கும். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்று தமிழ் வகுப்பில் படித்தோம். பனி பின்வாங்கும்போது காற்று முன்வருகிறது என்பதை நாங்கள் சைக்கிளில் படித்தோம். அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

எங்கள் ஊரை அறியாத தோழியருக்காக ஒரு சொல். விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி இது. தளவாய்புரம், முகவூர், சேத்தூர் ஆகியவை பக்கத்து ஊர்கள். எந்தத் தெருவில் நடந்தாலும் தையல் இயந்திரத்தின் ஓசையோ தறியின் ஓசையோ காதில் விழும். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆயிற்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. கிழக்கே போகப் போகச் செம்மண் கறுத்துக் கரிசலாகும். மலைக்கும் கரிசலுக்கும் நடுவே கிடக்கும் சமவெளியில்தான் எங்கள் சைக்கிள்கள் ஓடுகின்றன.

நாங்கள் நால்வர். நால்வரும் ஒரே வகுப்பு. எங்கள் வண்டிகள் நான்கும் நான்கு விதம். ஒன்று அக்காளிடமிருந்து தங்கைக்கு வந்த லேடீஸ் சைக்கிள். ஒன்று அண்ணன் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கத்திடம் பெற்ற விலையில்லா மிதிவண்டி. ஒன்று பழைய கடையில் வாங்கி வண்ணம் பூசியது. அதன் மட்கார்டு ஆடுகிற ஆட்டத்தில் பெல் அடிக்க வேண்டிய தேவையே இல்லை. நான்காவது வண்டியைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்.

ஞாயிறு காலை திருப்பலி உண்டு. மாலையில் துணி துவைத்தல், மறுநாள் பாடம் என்று பொழுது போய்விடும். ஆகவே எங்கள் பயணத்திற்குச் சனிக்கிழமைக் காலையைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டில் இசைவு கேட்டபோதுதான் முதல் எதிர்காற்று அடித்தது.

"எங்க போறீக?"

"மலைப்பக்கம் வரைக்கும்."

"என்ன சோலி?"

"சோலி ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

இந்தச் 'சும்மா' என்ற சொல்லைப் போல் பெரியவர்களைத் திகைக்க வைக்கும் சொல் வேறில்லை. பள்ளிக்குப் போவதென்றால் சைக்கிள் உண்டு. ரேஷன் கடைக்கு, மாவு மில்லுக்கு, சித்தி வீட்டுக்குக் குழம்பு கொடுக்கப் போவதென்றால் அவர்களே வண்டியை எடுத்துக் கொடுப்பார்கள். சும்மா போவதென்றால் மட்டும் ஆயிரம் கேள்வி. எங்கள் தம்பிமார் மாலை முழுவதும் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். அவர்களை 'என்ன சோலி?' என்று எவரும் கேட்டதை நாங்கள் கண்டதில்லை.

'தோழி வீட்டில் நோட்டு வாங்கப் போகிறோம்' என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எங்களுள் எவளும் அதற்கு இசையவில்லை. சும்மா போவதைச் சும்மா என்றே சொல்லிப் போக வேண்டும் என்பது எங்கள் தீர்மானம். இரண்டு வாரம் கெஞ்சிய பிறகு இசைவு கிடைத்தது, நான்கு நிபந்தனைகளோடு. நால்வரும் சேர்ந்தே போக வேண்டும். லாரி ஓடும் பெரிய சாலைக்குப் போகக் கூடாது. பட்டன் போன் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்தரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். நான்கையும் மகிழ்ச்சியோடு ஏற்றோம்.

முதல் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிந்துகொண்டோம். செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் தாய்மார் சொல்லி அனுப்பிய கதைகள் ஒரு புத்தகத்திற்குப் போதும். மேற்கு நோக்கிய சிறு சாலையில் திரும்பியதும் முகத்தில் அறைந்தது பாருங்கள் காற்று! மலையிலிருந்து நேரே எங்களைத் தேடி வந்தது போல் இருந்தது. பெடலை மிதித்தால் வண்டி முனகுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் நின்றேவிடுகிறது. தென்னந்தோப்புகள் கடல் போல் இரைந்தன. மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து சாலையோரம் மஞ்சள் பொடியாய்ப் பறந்தது. ஆறு கிலோமீட்டர் தொலைவுதான். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அடிவாரத்துக் கண்மாய்க் கரையில் வண்டிகளை நிறுத்தினோம். அதற்கு மேல் காடு. அங்கே போக நமக்கு வேலையுமில்லை, இசைவுமில்லை. கொண்டுபோன இட்லியைத் தின்றோம். கொக்குகளும் நீர்க்காகங்களும் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அமர்ந்து சிறகு உலர்த்தின. மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெயில் ஏறி நீலத்திலிருந்து பச்சையாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பேசாமல் இருப்பதில் வகுப்பிலேயே கெட்ட பெயர் வாங்கிய நாங்கள் நால்வரும் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

"போகும்போது காத்து தள்ளிக்கிட்டே கொண்டுபோய் வீட்டுல விட்டுரும்டீ" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். ஒன்பது மணிக்குக் கிழக்கே திரும்பினோம். என்ன அநியாயம்! இப்போது காற்று கிழக்கிலிருந்து அடித்தது! போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று. மறுபடியும் முக்கால் மணி நேரம் மிதித்து, தலைமுடியெல்லாம் வைக்கோற்போர் போலாகி வீடு வந்தோம். "நல்லா சும்மா போயிட்டு வந்தீக" என்று திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். 'தேர்வு நேரத்தில் ஊர் சுற்றலா?' என்று கேட்பார்களோ என அஞ்சினோம். அவர்களோ சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிறந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். காற்றாலைகளின் ஊர். காற்று என்றால் அவர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி.

அவர்கள் விளக்கியதை எங்களுக்குப் புரிந்தவரையில் எழுதுகிறோம். இரவில் மலைச்சரிவு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் வழிவது போலச் சரிவில் வழிந்து சமவெளிக்கு இறங்குகிறது. அதுதான் விடியற்காலையில் எங்கள் முகத்தில் அறைந்த மலைக்காற்று. சூரியன் எழுந்ததும் கிழக்கு பார்த்த நம் பக்கத்துச் சரிவுகளே முதலில் வெயில் காண்கின்றன. அங்கே காற்று சூடேறி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பச் சமவெளிக் காற்று மலையை நோக்கி ஓடுகிறது. வங்கக் கடல் பக்கமிருந்து வரும் வடகிழக்குக் காற்றும் மாசியில் இன்னும் முற்றாக ஓய்ந்திருக்காது. அதுவும் இதனோடு கைகோத்துக்கொள்கிறது. ஆகவே காலை ஆறு மணிக்கு மேல்காற்று, பத்து மணிக்குக் கீழ்காற்று! ஆனி, ஆடியில் கணவாய்கள் வழியே பாய்ந்து வந்து தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வேறு. அது நாள் முழுவதும் மேற்கிலிருந்தே வருவது. அம்மியைப் பறக்க வைக்கும் என்ற பழமொழி அதற்குத்தான். மாசிக் காற்றுக்கு அத்தனை வலு இல்லை. ஆனால் குறும்பு அதிகம்.

நம் முன்னோர் இந்த வேறுபாடுகளை நன்கு அறிந்திருந்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை என நான்கு பெயர் வைத்தார்கள். சைக்கிள் இல்லாத காலத்திலேயே இவ்வளவு நுட்பம்!

அருட்சகோதரி அதோடு விடவில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். காற்றே இல்லாதபோது மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருத்தி, எதிர்காற்றில் 8 கிலோமீட்டர் வேகத்திலும் பின்காற்றில் 16 கிலோமீட்டர் வேகத்திலும் போவதாகக் கொள்க. 6 கிலோமீட்டர் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? காற்று இல்லையென்றால் 60 நிமிடம். ஒரு வழி எதிர்காற்று, மறு வழி பின்காற்று என்றால்? 'இழந்த நாலும் பெற்ற நாலும் சரியாகிவிடும், அதே 60 நிமிடம்தான்' என்று வகுப்பே கூவியது. போட்டுப் பார்த்தால் 45 நிமிடமும் இருபத்திரண்டரை நிமிடமும் சேர்ந்து அறுபத்தேழரை நிமிடம் வருகிறது! எதிர்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். எதிர்காற்று பறித்ததைப் பின்காற்று முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுமாம். நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் எதிரே அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் எதிர்ப்பு இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு! கால் வலித்ததற்குக் காரணம் எங்கள் சோம்பல் இல்லை என்று அறிந்ததில் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியை என்ன சொல்ல!

அப்போது எங்களுள் கணக்கில் கெட்டிக்காரி எழுந்து கேட்டாள்: "சிஸ்டர், காலையில் மேல்காற்று, பத்து மணிக்குக் கீழ்காற்று என்றால், நாங்கள் கிழக்கே போயிருந்தால்?"

அருட்சகோதரி சிரித்தார்கள். "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை கிழக்கே போனோம். ஆகா, அதை எப்படி எழுதுவது! மலைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பெடலின் மேல் கால் வைத்திருந்ததே பெரிய உபகாரம். சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிக் களம் போட்டிருந்த இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். மண் கறுத்துக்கொண்டே வந்தது. பனைமரங்களின் ஓலை சலசலத்தது. பருத்தி வெடித்துக் கிடந்த காட்டில் பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா நிமிர்ந்து, "ஏத்தா, எந்த ஊருக்குப் போறீக?" என்று கேட்டார்.

"எந்த ஊருக்கும் இல்ல பெரியம்மா. சும்மாதான் வந்தோம்."

"சும்மாவா?" அவர் இடுப்பை நிமிர்த்தி, நெற்றி வேர்வையைத் துடைத்து, எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "குடுத்து வச்ச புள்ளைக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அந்தச் சொல்லில் கேலி இல்லை. அதனாலேயே அது எங்களோடு நெடுநேரம் வந்தது. 'சும்மா' என்பது எல்லாருக்கும் கிடைக்கும் பொருள் அன்று என்பது அன்று எங்களுக்கு விளங்கிற்று.

திரும்பும்போது கீழ்காற்று முதுகில் ஏறிக்கொண்டது. போக வர இரண்டு வழியும் சேர்த்து 45 நிமிடம்! முந்தின வாரம் இதே தொலைவுக்கு 90 நிமிடம். கரும்பலகைக் கணக்கும் சாலைக் கணக்கும் சரியாக இருந்தன.

அடுத்த வாரம் நாங்கள் மூவராகத்தான் புறப்பட்டோம். நான்காவது வண்டி வரவில்லை.

எங்கள் தோழியின் தந்தையார் ஒரு தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். கண்டிப்பானவர், ஆனால் கடிந்து ஒரு சொல் பேசாதவர். "பெரிய புள்ளையாயிட்ட. பரீட்சை முடிஞ்சா பதினொண்ணுக்கு வேன்ல போயிக்கிடலாம். சைக்கிள் இனி தம்பிக்கு" என்று சொல்லிவிட்டாராம். அவளை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. சைக்கிள் சாவி மட்டும் ஆணியிலிருந்து மறைந்துவிட்டது. ஊர் என்ன பேசும் என்பதே அவருடைய அச்சம். அவள் பள்ளியில் எங்களோடு சிரித்துப் பேசினாள். சனிக்கிழமை என்ற சொல் வந்தால் மட்டும் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுவாள்.

அந்த ஞாயிறு மாலை கணக்குப் போட அவள் வீட்டுக்குப் போனோம். அவளுடைய அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அப்பத்தாவுக்குப் பூர்வீகம் கீரனூர்ப் பக்கத்துக் கிராமம். மகனோடு இங்கே வந்து பல வருடங்கள் ஆகின்றன. "ஏண்டி, மூணு சைக்கிள் நிக்குது. நாலாவது எங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உள்ளே தோழியின் தந்தையார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பத்தா சொன்ன கதையைக் கேட்குமுன் அதன் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தருவது என்று அந்த இயக்கத்தார் முடிவு செய்தார்கள். தாமாக ஓர் இடத்துக்குப் போக முடிந்தவளுக்குத் தாமாகப் படிக்கவும் துணிவு வரும் என்பது அவர்கள் எண்ணம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாக அவர் குறிப்பிடுகிறார். கூலி வேலை செய்தவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லாரும் அதில் உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியிலேயே கற்றார்கள். அதிலும் ஒரு நன்மை கண்டார்கள்: முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

இனி அப்பத்தாவின் சொல்:

"எங்க ஊர்ல மொதல்ல யாரும் ஏறல. பொம்பளைக்குச் சைக்கிளான்னு சிரிச்சாக. நெலா வெளிச்சத்துல, ஆளு பாக்காதப்ப, வறண்ட கம்மாய்க்குள்ள போயிப் பழகுனோம். உங்க தாத்தா வண்டி. கால் எட்டாது. குரங்குப் பெடல்தான். முட்டி பேந்துச்சு, மஞ்சளப் போட்டுக்கிட்டு மறுநாளும் போனேன். பொறவு தண்ணி எடுக்க, கடைக்கு, ஆசுபத்திரிக்கு எல்லாத்துக்கும் அதுலதான். ஆனா ஓட்டத் தெரிஞ்ச மொத நாளு எந்தச் சோலிக்கும் போகல. ஊரச் சுத்தி மூணு சுத்துச் சும்மா சுத்துனேன். எதுத்தாப்புல ஒரே காத்து. கண்ணுல தண்ணியா வடியுது. சிரிக்கேனா அழுகேனான்னு எனக்கே தெரியல. எத்தன கொடம் தண்ணி தூக்குனேன், கணக்கு இல்ல. அந்த மூணு சுத்து மட்டும் இன்னும் அப்படியே இருக்கு."

சற்று நிறுத்தி, வீட்டுக்குள் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்: "அன்னைக்கு முன்பார்ல ஒருத்தன் உக்காந்துருந்தான். அஞ்சு வயசு. இன்னொரு சுத்து ஆத்தா, இன்னொரு சுத்து ஆத்தான்னு அவன்தான் கேட்டான்."

உள்ளே தட்டின் ஓசை நின்றது. தோழியின் தந்தையார் கை கழுவப் பின்கட்டுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. நாங்கள் கணக்கை முடித்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

அந்த வாரம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவள் எங்களைத் தேடி ஓடி வந்தாள். அவள் தந்தையார் வேலை முடிந்து வந்து, கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைக் கூடக் கழற்றாமல், சைக்கிளைத் திண்ணையோரம் நிறுத்தி, அவளைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இடுப்பு உயரத்தை அளந்தாராம். சட்டைக்கு அளவெடுப்பது போலவே இரண்டு முறை அளந்தாராம். பிறகு ஸ்பேனரை எடுத்துச் சீட்டை ஒன்றரை அங்குலம் உயர்த்தி முடுக்கினாராம். இரண்டு டயருக்கும் காற்றடித்தாராம். சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம். 'போ' என்றும் சொல்லவில்லை, 'போகாதே' என்றும் சொல்லவில்லை.

வளர்ந்த பெண்ணுக்குச் சைக்கிள் எதற்கு என்றவர், பெண் வளர்ந்திருப்பதை அளந்து சீட்டை உயர்த்தினார். இதைவிட நல்ல பதிலை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மறுநாள் நால்வரும் எந்தப் பக்கம் போவது என்று கூடிப் பேசினோம். கிழக்கே போனால் இரண்டு வழியும் பின்காற்று என்று எங்களுக்குத் தெரியும். ஆயினும் அவள் மலையைக் காட்டினாள். ஒருவரும் மறுக்கவில்லை. தெரியாமல் எதிர்காற்றில் போவது ஒன்று. தெரிந்தே போவது இன்னொன்று. குனிந்து, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நெருங்கி ஓட்டினோம். முன்னால் போகிறவள் காற்றைத் தாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வேலை குறைகிறது. களைத்தவள் விலகிப் பின்னால் வர, அடுத்தவள் முன்னால் போக வேண்டும். சைக்கிள் பந்தயக்காரர்கள் எல்லாரும் செய்வது இதுதானாம். முன்பு முக்கால் மணி நேரம் ஆன தொலைவை அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக முடித்தோம். காற்று மாறவில்லை, நாங்கள் மாற்றி மாற்றி முன்னே போனோம், அவ்வளவே.

பிறகு பள்ளி நூலகத்தில் சைக்கிளைப் பற்றித் தேடிப் படித்தோம். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த முதல் வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உதைத்து ஓட வேண்டும். இன்று நாம் ஓட்டும் வடிவம், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் செயின் இழுப்பதாக, 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லியால் வந்தது. 1888-இல் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்தார். வெளியே எதிர்க்கும் காற்றுத்தான் டயருக்குள் அடைபட்டால் நம்மைத் தாங்குகிறது! 1896-இல் அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. அந்தோணி அம்மையார், பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விடச் சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது என்ற கருத்தைச் சொன்னார். 1949-இல் நம் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று நம் மாநில அரசு தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம் பிறகு எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இறைவன் அருளால் தேர்ச்சி பெற்றால் அடுத்த ஆண்டு எங்களுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். 2018-இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 3-ஆம் நாளை உலக மிதிவண்டி நாளாக அறிவித்தது. இவற்றையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னோம். "அம்புட்டுப் பேரு பாடுபட்டுருக்காகளா, நீங்க சும்மா சுத்துறதுக்கு!" என்று சிரித்தார்.

இப்போது தவக்காலம். சிலுவைப் பாதைக்குப் போய் வருகிறோம், தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் ஒரு செய்தி கேட்டோம். எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தானாம். நம் ஆண்டவரும் நிக்கதேமிடம் தூய ஆவியைப் பற்றிப் பேசும்போது காற்றைத்தான் எடுத்துக்காட்டினார். எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு அது எளிதாக விளங்கும். காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இல்லை என்று சொல்லத் துணிய மாட்டோம்.

சனிக்கிழமைப் பயணத்தால் படிப்புக் கெடுமா என்று சில பெற்றோர் கேட்கலாம். மூன்றரை மணி நேரம் மலையையும் கரிசலையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் புத்தகத்தின் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது என்பது எங்கள் அனுபவம். ஆனால் அந்தப் பயனுக்காகப் போகிறோம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் சும்மா போவதற்கும் ஒரு சோலியைக் கற்பித்தவர்கள் ஆவோம். உழைப்புக்கு ஆறு நாளும் ஓய்வுக்கு ஒரு நாளும் வைத்த இறைவன், ஓய்வுக்குக் காரணம் கேட்டதாக நாங்கள் படித்ததில்லை.

அன்புத் தங்கையரே! அடுத்த மாசியில் நாங்கள் பத்தாம் வகுப்பில் இருக்க மாட்டோம். காற்று இருக்கும். விடியற்காலையில் கிழக்கே போங்கள், பத்து மணிக்குத் திரும்புங்கள். இரண்டு வழியும் தள்ளிவிடும். துணிவு வந்த பின் மேற்கேயும் போங்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள். களைத்தவளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வழியில் எவரேனும் 'என்ன சோலி?' என்று கேட்டால் மரியாதையோடு நின்று, உண்மையைச் சொல்லுங்கள்.



- பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு